குதிகாலுக்கு ஒரு மெத்தை

"கட்டைவிரலால அழுத்திப் பாருங்க" என்பதுதான் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது. சப்பாத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடியின் பக்கவாட்டைக் காட்டுவேன். அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் மேலே வரும். வந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பாதி வியாபாரம் அத்தோடு முடிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் வாய் வலிக்கப் பேச வேண்டும்.

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் கடை. பெயர்ப் பலகையில் விளையாட்டுச் சாமான்கள் என்றுதான் இருக்கிறது. கிரிக்கெட் மட்டையும் பந்தும் ஒரு மூலையில் தூசி பிடித்துக் கிடக்க, விற்பதெல்லாம் சப்பாத்துதான். முதலாளி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் வியாபாரி. அவர் வாப்பா காலத்தில் இதே கடையில் துணி விற்றார்களாம். நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். புருஷனை விட்டு வந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை இது. அன்றிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன். விற்பனையாளர் உட்கார்ந்தால் வாடிக்கையாளரும் உட்கார்ந்துவிடுவார், பிறகு எழும்பிப் போய்விடுவார் என்பது முதலாளியின் சித்தாந்தம்.

சப்பாத்தின் அடியில் மூன்று அடுக்கு. தரையில் படுவது ரப்பர். காலில் படுவது ஒரு மெல்லிய அட்டை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதே, அதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமும். முன்பு அது வெறும் ஃபோமாக இருந்தது. பிறகு குதிகாலில் காற்றுப் பையை வைத்தார்கள். பிறகு பிசுபிசுவென்று ஜெல் வைத்தார்கள். இப்போது ஃபோமுக்குள்ளேயே வாயுவை ஏற்றி, நன்றாக அரைத்த உளுந்து மாவு மாதிரி உப்ப வைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு காபன் தகட்டையும் செருகி, மிதித்த பலத்தில் பெரும்பங்கைத் திருப்பித் தரும் என்கிறார்கள். வாங்கினதைத் திருப்பித் தருகிற புத்தி மனுஷருக்கே இல்லை, ஃபோமுக்கு வந்துவிட்டது. ஒரு வருஷம் குதிகால் உயரமாக இருக்க வேண்டும் என்பார்கள். அடுத்த வருஷம் முன்பாதமும் குதிகாலும் ஒரே மட்டமாக இருந்தால்தான் நல்லது என்பார்கள். இரண்டையும் நான் ஒரே முகத்தோடு சொல்லி விற்றிருக்கிறேன். எது உண்மை என்று என்னைக் கேட்கக் கூடாது.

கடையில் நிற்பவர்கள் கடைச் சப்பாத்தைத்தான் போட்டிருக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு உண்டு. வருஷத்துக்கு ஒரு ஜோடி முதலாளியே தருவார். காலையில் வந்து செருப்பைக் கழற்றிப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு அதைப் போட்டுக்கொள்வேன். சாயந்தரம் கழற்றி அங்கேயே வைத்துவிட்டுச் செருப்போடு பஸ் ஏறுவேன். கடையின் தரை ஓட்டில் நாள் முழுக்க நிற்க முடிவது அந்தச் சப்பாத்தால்தான். மற்றவர்களிடம் சொல்கிற பொய்களுக்கு நடுவில் இந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்த உண்மை.

வீட்டில் நானும், தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற அக்காவும்தான். தோட்டம் தந்த லயத்துக் காம்பிரா, வரிசை வீட்டின் ஒற்றை அறை, அக்காவின் பெயரில் இருக்கிறது. அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவின் ஒரே மகள் கட்டாரில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறாள். ஆக, செக்ரோல் என்கிற தோட்டத்து வேலைப் பேரேட்டில் எங்கள் வீட்டிலிருந்து இருக்கிற ஒரே பெயர் அக்காவுடையது. அந்தப் பெயரை வெட்டிவிட்டால் காம்பிராவும் கேள்விக்குறிதான். யாரும் மறுநாளே வந்து சாமான்களை வெளியே போட மாட்டார்கள். ஆனால் பக்கத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறோம். முதலில் கூரைத் தகரம் ஒழுகினால் மாற்றித் தர மாட்டார்கள். பிறகு, "வேலைக்காரங்களுக்கே வீடு பத்தல" என்று காதில் விழுகிற மாதிரிப் பேசுவார்கள். பிறகு நாமே போய்விடுவோம்.

அக்காவுக்குக் குதிகால் வலி வந்தது போன மழைக்காலத்தில். காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது, "அம்மா" என்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஆணி ஏறின மாதிரி இருக்கிறது என்பாள். கொஞ்சம் நடந்தால் சரியாகும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்தும். முதலில் குதிகாலைச் சூடான தவிட்டு மூட்டையில் ஊன்றிப் பார்த்தோம். பிறகு எண்ணெய். பிறகு கோயிலில் நேர்ந்துகொண்டோம். ஒன்றும் கேட்காமல் போகவே பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டினேன். அவர் குதிகாலின் அடியை அழுத்தின அழுத்தில் அக்கா கட்டிலிலிருந்து எழும்பிவிட்டாள். நிற்கிற வேலையைக் குறைக்கச் சொன்னார். முடியாது என்றோம். அப்படியென்றால் வெறுங்காலோடும் தட்டைச் செருப்போடும் நடக்கவே கூடாது, மெத்தை வைத்த சப்பாத்துப் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்றார். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் நிற்கவே முடியாமல் போகும் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "சப்பாத்தப் பத்திப் பேசுறது ஒனக்குத்தான் வேலையே. அதச் சொல்ல எனக்கு எதுக்கு டொக்டரு?"

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் மெத்தை வைத்த சப்பாத்து எங்கள் வீட்டிலேயே இருந்தது. அலுமாரியின் மேல்தட்டில், பெட்டியோடு, நப்தலின் உருண்டையும் போட்டு.

மகள் கட்டாருக்குப் போன முதல் வருஷம், ஊருக்குத் திரும்பின தோழியிடம் கொடுத்தனுப்பிய சப்பாத்து அது. சாம்பல் நிறம், ஓரத்தில் ஊதாக் கோடு. தடித்த அடி, கையில் எடுத்தால் நல்ல கனம். "நானும் இந்த மாதிரி ஒன்னுதான் போட்டு நிக்கிறேன்மா, கால் வலிக்கவே வலிக்காது, கொழுந்தெடுக்க மலைக்குப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று போனில் சொன்னாள். மலைக்காவது போடுவதாவது! எங்கள் ஆட்களைத் தெரியாதா? புதுச் சேலை வாங்கினால் தீபாவளிக்கு. புதுப் பீங்கான் வாங்கினால் விருந்தாளிக்கு. படுக்கை விரிப்பு வாங்கினால் அது மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்து, செத்த வீட்டுக்குத்தான் வெளியே வரும். நல்லதை நமக்கென்று எடுத்துப் புழங்கக் கை வராது. அக்கா அந்தச் சப்பாத்தை ஒரு தரம் போட்டு, காம்பிராவுக்குள் நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, துடைத்து உள்ளே வைத்தாள்.

"புள்ள வர்ற அன்னைக்குப் போட்டுக்கிட்டு ஏர்போட்டுக்குப் போவேன்" என்றாள்.

பிள்ளை வரவில்லை. வரவேண்டிய வருஷம் கொரோனா வந்தது. அடுத்து பெற்றோலும் இல்லாமல், மாவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. டிக்கெட்டுக்கு வைத்திருந்ததை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பிறகு ஒப்பந்தத்தை நீடித்தார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா பெட்டியை இறக்கித் துடைத்து மறுபடியும் மேலே வைப்பாள். டொக்டர் சொன்ன பிறகும் அவள் அதைத் தொடவில்லை.

நான் கடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தேன். ஜெல் குதிகால் கிண்ணம் ஒன்று. அது ரப்பர் செருப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு தேயிலைச் செடிக்கடியில் போய்விட்டது. அடுத்து ஒரு ஃபோம் உள்ளட்டை. அதைச் செருப்போடு துணி போட்டுக் கட்டிக்கொண்டு போனாள். மழையில் ஊறி, சேறு குடித்து, சாயந்தரம் காலை விட அது கனத்தது. இரத்தம் குடிக்கிற அட்டைகளுக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்திருந்தது, உள்ளே குடும்பமாகக் குடியிருந்தன. அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் உட்கார்ந்து சப்பாத்தின் அடியை யோசிக்கிறார்கள். ரோட்டில் ஓடுகிறவனுக்கு ஒன்று, மலையேறுகிறவனுக்கு ஒன்று, ஜிம்முக்குப் போகிறவளுக்கு ஒன்று. முதுகில் கொழுந்தைச் சுமந்துகொண்டு, ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நாள் பூராவும் நிற்கிற பொம்பளைக்கு என்ன அடி வேண்டும் என்று ஒருத்தனாவது யோசித்திருப்பானா? யோசித்திருந்தால் அந்தப் பெட்டி எங்கள் கடைக்கும் வந்திருக்கும்.

அக்காவின் கொழுந்து குறைய ஆரம்பித்தது. நிறை போதாமல் அரைநாள் சம்பளமாக அரைப் பேர் விழுந்த நாட்கள் கூடின. கங்காணி நல்ல மனுஷன்தான், அத்தானோடு ஒன்றாகப் படித்தவர். அவரே ஒருநாள் லயத்துக்கு வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் நின்றபடி சொன்னார்.

"தங்கச்சி, நான் ஒன்னும் சொல்லல. மேல கேக்குறாங்க. நிக்க முடியாட்டி எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுக்கச் சொல்றாங்க."

"நின்னுக்கிட்டா காம்பிரா?" என்றாள் அக்கா.

அவர் கூரையைப் பார்த்தார். பால் விடாத சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் போன் எடுத்தாள். இந்த வருஷமும் வர முடியாதாம். ஒப்பந்தம் மறுபடியும் நீண்டுவிட்டதாம். அக்கா, "சரி புள்ள, ஒடம்பப் பார்த்துக்க" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு நேராகப் போய் அலுமாரியைத் திறந்தாள். பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தாள்.

"வச்சுக் காத்தது போதும். நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போறேன். நின்னு காட்டுறேன் அவனுங்களுக்கு" என்றாள்.

எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நானே கயிற்றைக் கோத்துக் கட்டிவிட்டேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. கடையில் ஆயிரம் தரம் செய்கிற காரியம், வீட்டில் கை போகவில்லை.

காலையில் வேலைக்காரர்களைப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு அக்கா போகிற பாதையும் நான் பஸ்ஸுக்குப் போகிற பாதையும் கோயில் வரைக்கும் ஒன்றுதான். அக்கா முன்னால் போனாள். பின்னால் நான். சாம்பல் சப்பாத்து, ஊதாக் கோடு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு. நிமிர்ந்து நடந்தாள். எதிரே வந்த பெண்கள் விடுவார்களா?

"என்னாக்கா, ஒலிம்பிக்குக்கா?"

"ஆமாடி, நீயும் வா, கொழுந்து எடுக்குறதுல போட்டி வச்சிருக்காங்களாம்" என்றாள் அக்கா. அவள் அப்படிப் பேசிக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

படிக்கட்டு இறக்கத்தில்தான் முதலில் பார்த்தேன். கல்லில் ஏதோ மஞ்சளாகச் சிதறிக் கிடந்தது. அடுத்த படியிலும் கிடந்தது. புண்ணாக்கை உடைத்துப் போட்ட மாதிரித் துண்டு துண்டாக, பொடியாக. யாரோ மாட்டுக்குக் கொண்டு போகிறபோது சிந்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு அக்காவின் வலது குதிகால் கீழே இறங்குவதைப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு அடி எடுக்கும்போதும் சப்பாத்துக்கும் தரைக்கும் நடுவிலிருந்து அது கொட்டிக்கொண்டே வந்தது. கோயிலடிக்குப் போவதற்குள் அடி ரப்பர் நாக்கைத் தொங்கப் போட்டுவிட்டது. மற்றக் காலிலும் அதே கதை. மேல்பக்கம் மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் புதுசாக இருந்தது.

பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அக்கா நின்று காலைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் உட்கார்ந்து இரண்டையும் கழற்றினாள். பிறகு எழுந்து, வந்த வழியே திரும்பி நடந்து, படிகளில் கிடந்த அந்த மஞ்சள் துண்டுகளைக் குனிந்து குனிந்து பொறுக்கிப் படங்கில் போட்டாள். "விடு அக்கா, விடு" என்று நான் கையைப் பிடித்தேன். கையை உதறினாள்.

"புள்ள வாங்கிக் குடுத்தது. மிதிச்சுக்கிட்டுப் போவாளுங்க."

எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு பெரட்டுக்குப் போனாள். அன்று எனக்குப் பஸ் தவறிப் போனது. கோயில் திண்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

சப்பாத்தை முதலாளியிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். மாவாகிப் போனது.

"இது கள்ளச் சாமான் இல்ல தங்கச்சி. நல்ல சாமான்தான். எல்ல ஊருல மலையேற வந்த வெள்ளக்காரன் ஒருத்தன் அடியக் கயித்தால கட்டிக்கிட்டு வந்தானே, ஞாபகம் இக்கிதா? அதே வியாதி. இந்த வகை ஃபோம் நடந்தா வருஷக்கணக்கா ஒழைக்கும். ஆனா ஈரக் காத்து உள்ள போய் மெதுவா அரிச்சிரும். அலுமாரியில மூடி வச்சா இன்னும் மோசம். அதுவும் நம்மட மழைக்கு."

"போட்டிருந்தா?"

"போட்டிருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திக்கும். தேஞ்சிருக்கும். ஆனா கால் சொகமா இருந்திக்கும்."

வெள்ளைக்காரனுக்கு அன்றைக்கே வேறொரு ஜோடி விற்றோம். சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். எங்களுக்கு அப்படி முடியாது. நல்ல ஜோடி ஒன்றின் விலை என் சம்பளத்தைத் தொட்டுவிடும். முதலாளி பின்னறையில் கிடந்த பழைய ஸ்டொக்கில் ஒன்றை எடுத்துக்கொள், காசு வேண்டாம் என்றார். அவருடைய மனது அப்படி. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து அழுத்திப் பார்த்தேன். சிலது உள்ளே போகவே இல்லை, கல்லாகிவிட்டிருந்தது. சிலது உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் மூடி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு மகள் வீடியோவில் வந்தாள். ஹோட்டல் சீருடையோடு ஒரு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கால் வலியை நான் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"சப்பாத்து போட்டீங்களாம்மா? காட்டுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சப்பாத்தை எடுத்து, அடி தெரியாதபடி உள்ளங்கையில் வைத்து, மூக்கை மட்டும் போனுக்குக் காட்டினாள்.

"அய்யோ, புதுசாவே இருக்கே! போடவே இல்லையா நீங்க?" என்று அவள் சத்தம் போட ஆரம்பித்தாள். "சும்மா சும்மா எல்லாத்தையும் தூக்கி வச்சிர்றீங்க. நான் எதுக்கு வாங்கி அனுப்புனேன்? கால் போயி பேர வெட்டிட்டாங்கன்னா என்னம்மா செய்வீங்க? காம்பிராவும் இல்லாட்டி நான் எங்கம்மா வர்றது?"

சப்பாத்திலிருந்து இரண்டு மஞ்சள் துணுக்குகள் அக்காவின் மடியில் விழுந்தன.

"நாளைக்கே போடுறேன் புள்ள. சத்தியமா" என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். என் காலில் இருக்கிற கடைச் சப்பாத்தை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும் என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"பொறகு நீ என்னத்தப் போட்டு நிப்ப?"

"செருப்பு இருக்கு முதலாளி."

"வர்றவங்க கால்தான் பாப்பாங்க."

"கவுன்டருக்குப் பின்னால நிக்கிறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். அடுத்த வருஷத்து ஜோடியை முன்கூட்டித் தர முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். வியாபாரம் இருந்த இருப்பில் அது நடக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிப்பக்கக் குதிகால் என் நடைக்குச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. உள்ளே என் பெருவிரலின் பள்ளம் கிடந்தது. முன்பெல்லாம் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறவள், அன்று அப்படிச் சொல்லவில்லை. உட்கார்ந்து கயிற்றைக் கட்டிக்கொண்டாள். புதுசு இல்லை என்பதால்தானோ என்னவோ, எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வலி போய்விட்டது என்று சொன்னால் அதுவும் கடைப் பேச்சாகிவிடும். போகவில்லை. ஆனால் நிற்கிறாள். காலையில் சுவரைப் பிடிக்கும் நேரம் குறைந்திருக்கிறது. அட்டை ஏறாமலிருக்க ஓரமெல்லாம் சவர்க்காரக் கட்டியைத் தடவிக்கொண்டு போகிறாள். சாயந்தரம் சேற்றைக் கழுவி இஸ்தோப்பில் வைக்கிறாள். அடுப்படியில் காய வைக்கக் கூடாது, சூடு பட்டால் ஃபோம் சுருங்கிவிடும் என்று நான் அங்கேயும் வியாபாரி மாதிரிக் கத்துகிறேன். பேர் முழுசாக விழுகிறது. கங்காணி பேச்சை விட்டுவிட்டார். மேல்தட்டில் சாம்பல் சப்பாத்து இப்போதும் இருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, அடிக்கு ஒரு டயர்த் துண்டை ஒட்டி வாங்கி வைத்திருக்கிறாள்.

"ஏர்போட்டுல புள்ள மேலதான் பார்க்கும். அடிய யாரு பார்க்கப் போறா?" என்கிறாள்.

நான் கவுன்டருக்குப் பின்னால் நின்று விற்கிறேன். கட்டைவிரலால அழுத்திப் பாருங்க என்கிறேன். வாயு ஏற்றின ஃபோம், காபன் தகடு, மிதித்ததைத் திருப்பித் தரும் என்கிறேன். போன வாரத்திலிருந்து காலையில் முதல் அடி வைக்கும்போது என் வலது குதிகாலில் ஒரு குத்தல். அக்கா எழும்புவதற்கு முன்னால் எழுந்து, சத்தம் வராமல் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.